ஆறு ஆள் குறை

சரக்குக் கூடத்தை அளக்க ஒரு அம்மா வரப்போகிறார் என்று சூப்பர்வைசர் சொன்ன அன்றைக்கே தராசுக்காரர் அதைக் கெட்ட செய்தி என்று முடிவு செய்துவிட்டார். அந்தக் கூடத்தில் அளப்பது அவர் வேலை. அளக்கிறவனையே அளக்க ஒருத்தர் வந்தால் அதில் நல்லது என்ன இருக்க முடியும்?

விமான நிலையத்தின் பின்பக்கம் இருந்தது அந்தக் கூடம். முன்பக்கம் கண்ணாடியும் குளிர்காற்றும் பயணிகளுக்கு. பின்பக்கம் தகரக் கூரையும் புழுக்கமும் பெட்டிகளுக்கு. லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி, மஞ்சள் தள்ளுவண்டிகளில் அடுக்கி, டிராக்டரில் மாட்டி இழுத்து வந்து தரையில் பதித்த தராசின் மேல் நிறுத்துவார்கள். தராசுக்காரர் எண்ணைப் பார்ப்பார், வண்டியின் எடையைக் கழிப்பார், மிச்சத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுவார். அதற்குப் பிறகு சரக்கு விமானத்துக்குப் போகும்.

கேட்க லேசான வேலைதான். ஆனால் அந்த நாற்காலிக்கு வர அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது. அத்தனை வருஷமும் பெட்டி தூக்கினார். இடுப்பு கழன்றது. நாற்பத்து மூன்று வயசில் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து எழுத்துப் படித்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால்தான் நாற்காலி கிடைத்தது. அது போனால் திரும்பவும் பெட்டிக்குத்தான் போக வேண்டும். இடுப்பு ஒரு வாரம் தாங்கும், மிஞ்சினால் பத்து நாள். அதனால் அந்த நாற்காலியைச் சுற்றி யார் நடந்தாலும் அவர் கண் கூடவே போகும்.

அந்த அம்மா திங்கட்கிழமை வந்தார். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டையில் செருகிய தாள்கள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அதுவே சந்தேகமாக இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த யாரும் இதுவரை அந்தக் கூடத்தில் வணக்கம் சொன்னதில்லை.

"நான் யாரையும் குறை சொல்ல வரலீங்க. ஒரு நாளைக்கு இங்க எவ்வளவு நகருது, எவ்வளவு நேரத்துல நகருது, அதைப் பாக்கத்தான் வந்தேன். நீங்க எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க."

எப்பவும் செய்கிற மாதிரி எப்படிச் செய்வது என்பது அந்த நிமிஷத்திலேயே எல்லோருக்கும் மறந்துபோனது.

கூடத்தில் மொத்தம் எட்டுப் பேர். தராசுக்காரர் ஒருவர். டிராக்டர் ஓட்டுகிறவன் அவருடைய மச்சினன், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. மீதி ஆறு பேரும் தூக்குகிறவர்கள். அந்த ஆறு பேரில் வாய் ஓயாத ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். தேநீர் இடைவேளையில் ரேடியோ ஆரம்பித்தான்.

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க. நாம வேகமா தூக்கினா, எட்டுப் பேர் வேலையை அஞ்சு பேர் செய்யலாம்னு எழுதுவாங்க. மெதுவா தூக்கினா, எட்டும் தண்டம்னு எழுதுவாங்க."

"அப்ப என்னடா செய்யச் சொல்ற?"

"நடுவுல செய்யணும்."

"நடுவுலன்னா?"

"வேகமா போய் மெதுவா வரணும்."

அன்று மத்தியானம் முழுக்க ஆறு பேரும் வேகமாகப் போய் மெதுவாக வந்தார்கள். போகிறவனும் வருகிறவனும் கதவருகே முட்டிக்கொண்டார்கள். ஒரு பெட்டி காலில் விழுந்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மச்சினன் மட்டும் வழக்கம்போல டிராக்டரை ஓட்டினான். போதாததற்கு, நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டான்.

"பாத்தீங்களாண்ணே உங்க மாப்ளைய?" என்றான் ரேடியோ. "இப்பவே துண்டு போட்டு இடம் பிடிக்கிறான்."

தராசுக்காரர் சீட்டை ஒட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அந்தப் பேச்சு காதில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை அந்த அம்மா அட்டையைத் தராசு மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தராசுக்காரருக்குக் கை பரபரத்தது. அடுத்தவர் தாளைப் படிப்பது தப்புதான். படிக்கத் தெரியாத காலத்தில் அந்தத் தப்பைச் செய்யவே முடிந்ததில்லை. தாளின் மேல்பாதி இன்னொரு தாளுக்கு அடியில் இருந்தது. கீழே பென்சிலால் எழுதிய ஒரு வரி மட்டும் தெரிந்தது. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அந்த வரி முடிந்த கையோடு அந்த அம்மா திரும்பி வந்து அட்டையை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு வரி முழுசாக உள்ளே போய்விட்டது.

'தராசு – 6 ஆள் குறை.'

எட்டில் ஆறு போனால் இரண்டு. அவர் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. இருந்தாலும் எண்ணினார்.

ரேடியோவிடம் சொன்னது அவர் செய்த அடுத்த தப்பு. கால் மணி நேரத்தில் கூடம் முழுக்கப் பரவியது. அதுவரை ஒரே டம்ளரில் மாற்றி மாற்றித் தேநீர் குடித்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று குடித்தார்கள். மிஞ்சப்போகிற அந்த இரண்டு பேர் யார்? ஒருவன் தராசுக்காரரைப் பார்த்தான். இன்னொருவன் மச்சினனைப் பார்த்தான். மாமனும் மச்சினனும் உள்ளே பேசி முடித்துவிட்டார்கள் என்று மூன்றாமவன் காதுபடவே சொன்னான். தராசுக்காரருக்கோ வேறு கணக்கு ஓடியது. நாற்காலி போட்டவன் அவன். அவனுக்கு எழுத்தும் தெரியும், இங்கிலீஷ் கூடத் தெரியும். தராசில் அவனை உட்கார வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"உன் தம்பி உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"எதை?" என்றாள் பெண்டாட்டி. அவள் முன்பக்கம் பயணிகள் கூடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்தாள். கால் வலிக்கு ஒரு வாளி வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு பேரைத் தூக்கப் போறாங்க. அவனுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

"யாரு தூக்கறது?"

"அந்த ஸ்டாப்வாட்ச் அம்மாதான். எழுதி வெச்சிருக்கு. நான் கண்ணால பாத்தேன். ஆறு ஆள் குறைன்னு."

"அவங்களா? எங்க பக்கமும்தான் வர்றாங்க. வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களை எண்ணுவாங்க. நல்ல பொண்ணுதான். நீங்க கேட்டீங்களா?"

"அதெல்லாம் எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்," என்றாள்.

மறுநாள் அவள் கேட்டுவிட்டு வந்தாள். எட்டு ஆண்பிள்ளைகள் நேற்றிலிருந்து மூலைக்கு மூலை நின்று மென்று முழுங்கியதைத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரே மூச்சில் கேட்டிருந்தாள். வீட்டுக்குள் வரும்போதே சிரித்தாள்.

"ஆளாவது கத்தரிக்காயாவது! அது மனுஷ ஆளே இல்லீங்க. நூறு கிலோ சரக்குக்கு அவங்க வெச்ச பேரு."

"என்னது?"

"ஒரு பயணி பெட்டியோட சேந்து சுமாரா நூறு கிலோவாம். அதனால பயணி ஒருத்தர் வந்தா ஒரு ஆள். உங்க பக்கம் நூறு கிலோ நகந்தா அதுவும் ஒரு ஆள். ரெண்டையும் கூட்டி, இந்த நிலையம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாப்பாங்களாம். சில இடத்துல ஜனம் ஜாஸ்தி, சில இடத்துல சரக்கு ஜாஸ்தி. தனித்தனியா பாத்தா எது நல்லா ஓடுதுன்னு தெரியாதாம்."

"அப்ப குறைன்னா?"

"குறையுதுன்னு அர்த்தம். குறைக்கச் சொல்லல." அவள் வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் அறுபத்தெட்டு கிலோ. என்னையும் எண்ணினீங்களான்னு கேட்டேன். நீங்க பயணி இல்லக்கா, எண்ண மாட்டோம்னுடுச்சு. பாருங்க, பதினாலு வருஷமா அங்க நடக்கறேன், முக்கால் ஆள் கூட இல்ல நான்."

அவரும் சிரித்தார். மனசில் இருந்த கல் இறங்கினாற்போல இருந்தது. மச்சினனைப் பற்றி நினைத்ததை வெளியில் விடாமல் முழுங்கினார். சாப்பிடும்போது கை பாதியில் நின்றது. குறையுது என்றால் எங்கே குறையுது? தராசில் ஆறு ஆள் என்றால் அறுநூறு கிலோ.

அந்தப் பதில் வெள்ளிக்கிழமை காலையில் சூப்பர்வைசர் அறைக்குள் காத்திருந்தது.

"கதவைச் சாத்து," என்றார் சூப்பர்வைசர். "அனுப்பறவங்க கொடுக்கற சீட்டுல ஒரு எடை இருக்கு. உன் தராசுல ஒரு எடை வருது. தினமும் அறுநூறு கிலோ உதைக்குது. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. மேடம் மூணு மாசத்துக் காகிதத்தைப் புரட்டிப் பாத்துட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியலீங்க."

"லாரி நிக்கற இடத்துல இருந்து தராசுக்கு எண்பது அடி. அந்த எண்பது அடியில சரக்கு காணாம போகுது. அந்த எண்பது அடியில வண்டியை இழுக்கறது யாரு?"

தராசுக்காரர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் மச்சினன். அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் அறிக்கை கொடுக்கறாங்க. அதுக்குள்ள வேற விளக்கம் கிடைக்கலன்னா அவன் பேரைத்தான் எழுதுவேன். நீ அவன் மேல ஒரு கண்ணு வை. கண்டும் காணாம இருந்தேன்னா ரெண்டு பேரும் சேந்துன்னு ஆயிடும். உன் நாற்காலி உனக்கு வேணுமா வேண்டாமா, நீயே முடிவு பண்ணிக்க."

திங்கட்கிழமையிலிருந்து தராசுக்காரர் கண் வைத்தார். கண் வைத்தால் எல்லாமே கண்ணில் படும். மச்சினன் காலில் புது ஷூ. எப்போது வாங்கினான்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் குசுகுசுவென்று பேசுகிறான். யாரிடம்? இவர் பக்கத்தில் போனால் போனை அணைக்கிறான். ஏன்? மத்தியானச் சாப்பாட்டுப் பை முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அவன் கை கழுவப் போனபோது பையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று கிலோ கூட இருக்காது. அறுநூறு கிலோவை யாரும் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை எண்பது அடியையும் கூடவே நடந்தார்.

"என்ன மாமா, கால் மரத்துப்போச்சா?" என்றான் டிராக்டரிலிருந்து.

"உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சுக்குது மாப்ள."

"நல்லதுதான், நடங்க."

புதன்கிழமை தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நின்று போன் பேச்சைக் கேட்டார். 'சாப்பிட்டியா', 'நீ முதல்ல வை', 'இல்ல நீ வை' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டில் பெண்டாட்டியிடம் மெல்லப் போட்டுப் பார்த்தார். "அந்தப் பொண்ணு துணிக் கடையில வேலை பாக்குது. எனக்கு எப்பவோ தெரியும். உங்ககிட்ட சொல்லப் பயப்படறான்," என்றாள். அதைக் கேட்டும் அவருக்கு நிம்மதி வரவில்லை. பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கத்தான் கை நீட்டுகிறானோ என்று மனசு அடுத்த கிளைக்குத் தாவியது.

வியாழக்கிழமை காலை ஒரு காலித் தள்ளுவண்டி தராசின் விளிம்பில் சக்கரம் சிக்கிக் கோணலாக நின்றது. தூக்குகிறவர்கள் லாரியில் இருந்தார்கள். மச்சினன் டிராக்டரிலிருந்து குதித்து, வண்டியின் முன்பக்கத்தை ஒற்றை ஆளாகத் தூக்கித் திருப்பி வைத்தான்.

தராசுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அந்த வண்டியை இருபத்திரண்டு வருஷம் தூக்கிய இடுப்பு அவருடையது. முன்பக்கம் தூக்க இரண்டு பேராவது வேண்டும்.

"எப்படிடா ஒருத்தனா தூக்கின?"

"புது வண்டி மாமா. மூணு மாசம் முன்னாடி மாத்தினாங்களே. பழசைவிட லேசு. உங்களுக்குத் தெரியாதா?"

மாற்றியது தெரியும். அதே மஞ்சள், அதே நீளம், அதே சக்கரம். பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள் என்றுதான் நினைத்திருந்தார். நாற்காலிக்கு வந்த பிறகு அவர் எந்த வண்டியையும் தொட்டதில்லை. தராசுக்கு மேலே சுவரில் அவரே தூரிகையால் எழுதிய எழுத்து இருந்தது. 'வண்டி 230 கழி.' வேலை இடத்தில் அவர் எழுதிய முதல் வரி அதுதான். அதற்குப் பிறகு அவர் வண்டியைப் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துத்தான் கழித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும் ஒரு வண்டியை உருட்டித் தராசில் ஏற்றினார். 190. இறக்கி மறுபடி ஏற்றினார். 190. வேறு வண்டி. 190. வண்டியின் கொக்கிக்குக் கீழே கிரீஸ் அப்பியிருந்த ஒரு தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தார். அதிலும் 190 என்றுதான் இருந்தது. பெட்டிச் சீட்டு, மருந்து டப்பா, சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் இதை மட்டும் படிக்கவில்லை.

வண்டிக்கு நாற்பது கிலோ. நாளைக்குப் பதினைந்து வண்டி. அறுநூறு.

திருடன் யாரும் இல்லை. அவர்தான் ஆறு ஆளைத் தினமும் சீட்டிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. மத்தியானப் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றுக்கு ஐந்து வண்டிச் சரக்கு போகும். ஐந்து நாற்பது இருநூறு. மூன்று மாசமாக அந்த விமானம் கணக்கில் இல்லாத இரண்டு ஆளோடு மேலே ஏறி இருக்கிறது. ஓட்டுகிறவருக்கும் தெரியாது. உள்ளே இருந்த ஜனத்துக்கும் தெரியாது.

பெயிண்ட் டப்பா அலமாரியில் இருந்தது. 230-ஐ அழித்து 190 என்று எழுத ஐந்து நிமிஷம் போதும். நாளையிலிருந்து எடை சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. நாற்காலியும் நிற்கும். டப்பாவின் மூடியைக் கூடத் திறந்துவிட்டார். அப்போதுதான் சூப்பர்வைசர் முகம் முன்னால் வந்தது. நாளைக்கு எடை சரியாக வந்தால் அவர் என்ன சொல்வார்? நாம் கண் வைத்தோம், பயல் நிறுத்திவிட்டான் என்பார். மச்சினன் பேரை எழுத அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூடியை மூடினார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குப் போனார். அந்த அம்மாவும் அங்கேதான் இருந்தார். தராசுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் சூப்பர்வைசர் சிரித்தார்.

"நல்லா இருக்குய்யா கதை. நாளைக்கு அறிக்கை, இன்னைக்கு உனக்கு ஞானம் வருது. மச்சினனைக் காப்பாத்த வந்துட்டியா? வீட்ல சொல்லி அனுப்பிச்சாங்களா?"

பொய் சொன்னால் நம்புகிற ஆள் உண்டு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாலும் நம்ப மாட்டார்களா?

"வண்டியை ஏத்திப் பாத்துடலாமே," என்றார் அந்த அம்மா, எழுந்தபடி.

எட்டுப் பேரும் சுற்றி நிற்க, பதினைந்து வண்டிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ரேடியோ எண்ணை உரக்கச் சொன்னான். நூத்தித் தொண்ணூறு, நூத்தித் தொண்ணூறு என்று ஒரே எண்ணைச் சொல்லிச் சொல்லி ஆறாவது வண்டியோடு அவன் குரலே இறங்கிவிட்டது. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, மத்தியான விமானத்துக்குச் சரக்கு ஏற்றுவதை நிறுத்தி எடையைத் திருத்தச் சொல்லி போன் செய்யப் போனார். சூப்பர்வைசர் முகம் சுருங்கியது.

"வண்டி மாத்தறப்பவே நான் சொன்னேனே. காகிதம் கூட வந்துச்சே."

சூப்பர்வைசர் சொல்லவே இல்லை. காகிதம் வந்திருந்தால் அது அவருடைய இழுப்பறையைத் தாண்டவில்லை. ஆனால் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி யார்? தராசுக்காரர் தலையை ஆட்டி வைத்தார்.

"சரி, நடந்ததை உன் கையால எழுதிக் கொடு. விசாரணை முடியற வரைக்கும் தராசு உனக்கு இல்ல. நாளைல இருந்து லாரிப் பக்கம் போ."

"இடுப்பு..."

"அதையும் எழுது."

தராசு மேஜை முன்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். அரைப் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வண்டி மாறியதை நான் கவனிக்கவில்லை. பழைய எடையையே கழித்தேன். குறைந்த எடைக்கு நானே பொறுப்பு. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு இதில் சம்பந்தம் இல்லை. 'சம்பந்தம்' என்று எழுதும்போது மட்டும் இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் மச்சினன் வந்து நின்றது அவருக்குத் தெரியாது. அவன் மேலிருந்து கீழ்வரை படித்தான். அவனுக்கு அரை நிமிஷம்தான் ஆனது.

"ஒரு வரி விட்டுப்போச்சு மாமா."

"எது?"

"நாலு நாளா என் பின்னாலயே வந்தது. என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பாத்தது."

தராசுக்காரர் நிமிரவில்லை. "உனக்குத் தெரியுமா?"

"மூடியைச் சரியா போடலியே நீங்க. குழம்பு எல்லாம் கொட்டிப்போச்சு. ரேடியோதான் திருடிச் சாப்பிட்டான்னு நெனச்சு நான் அவனைத் திட்டிட்டேன். அப்புறம் சூப்பர்வைசரே சொன்னாரு, என் மேல கண்ணு வைக்கச் சொல்லி உங்ககிட்ட சொன்னேன்னு."

"அவர் சொன்னாருன்னுதான்டா..."

"அவர் சொல்லுவாரு. அவருக்கு நான் யாரு? உங்களுக்கு?"

"அதெல்லாம் எதுக்குய்யா இதுல?" என்றார் சூப்பர்வைசர். "கையெழுத்தைப் போட்டுக் கொடு."

தராசுக்காரர் பேனாவை மூடப் போனவர், மூடவில்லை. தாளை இழுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் மெதுவாக, எழுத்துக்கு எழுத்து உதட்டை அசைத்தபடி எழுதினார். அவர் மேல் நானும் சந்தேகப்பட்டேன். அது தவறு. கையெழுத்துப் போட இடம் இல்லாமல் பக்கவாட்டில் போட்டார்.

மச்சினன் அந்த வரியையும் படித்தான். ஆணியில் தொங்கிய டிராக்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் போன பிறகும் தராசுக்காரர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்காரலாம் என்று இருந்தது.